ஃப்ரேஹா எட்ரி வீட்டுப் பச்சைத் திட்டு

திபேரியா நகரத்து மாதுளைத் தெருவில், பதினான்காம் எண் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, "ஏணியா, என்கிட்ட ஏது" என்று ஃப்ரேஹா எட்ரி சொல்லி முடித்தபோது, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரில் இரண்டு அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு பச்சைத் திட்டு உண்டாயிற்று. அன்று வெயில் நாற்பத்தொரு டிகிரி. ஏணி கேட்டு வந்தவர் கீழ்வீட்டு மிமோன் அசுலாய், ஏ.சி. மெக்கானிக், வயது ஐம்பத்தாறு. அவர் திட்டைப் பார்க்கவில்லை. "சரிம்மா, இல்லேன்னா இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய், ஆலிவ் ஊறப்போடும் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று யார் வீட்டு ஏ.சி.யையோ கழற்றப் பார்த்து, பீப்பாய் உருள, வலது காலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டார். ஏணி அந்த நேரத்தில் ஃப்ரேஹாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஓர் ஏணி என்று சொல்வது சரியல்ல, ஆனால் அந்த விவரம் தெருவுக்குத் தெரிய இன்னும் பத்து மாதம் ஆயிற்று.

ஃப்ரேஹா கெட்டவள் அல்ல. மொராக்கோவிலிருந்து ஆறு வயதில் கப்பலில் வந்து இறங்கியவள். வந்தவர்களைத் தகரக் கொட்டகை முகாமில் போட்டிருந்த காலத்தில், அவள் அம்மா தங்களிடம் இருந்த ஒரே பம்ப் ஸ்டவ்வை, ஒருவேளை சமைத்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்ட பக்கத்துக் கொட்டகைக்காரிக்குக் கொடுத்தாள். மறுநாள் காலையில் அரசாங்க லாரி வந்து அந்தக் குடும்பத்தைத் தெற்கே பாலைவனத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று, ஸ்டவ்வோடு. அந்தக் குளிர்காலம் முழுக்க எட்ரி ஆவதற்கு முந்தைய ஃப்ரேஹா ஆறிப்போனதைச் சாப்பிட்டாள். அன்றைக்கு 'இல்லை' என்ற சொல் அவள் வாயில் இன்னொரு பல் மாதிரி முளைத்தது. கல்யாணம் ஆனது, பஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் எட்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போனார், பிள்ளைகள் இல்லை, பல் மட்டும் ஆடவே இல்லை. எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவாள். ஒன்று புழங்க, ஒன்று இருக்கட்டுமே என்று. பிறகு அந்த இருக்கட்டுமேவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று மூன்றாவது.

திட்டைப் பார்த்தவுடன் முதலில் குழாய்க்காரனைத்தான் கூப்பிட்டாள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்து, இந்தச் சுவருக்குள் குழாயே கிடையாது, துருக்கியர் காலத்துக் கருங்கல், ஈரம் வர வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஃப்ரேஹா அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினாள். ஆகஸ்டில் அதே மாடியில் எதிர்வீட்டு லூனா ஷித்ரித் பிரஷர் குக்கர் கேட்டாள், இல்லை என்றாள், திட்டு காலண்டருக்கு வெளியே ஒரு விரல் எட்டிப் பார்த்தது. காலண்டரை நகர்த்தினாள். செப்டம்பரில் விருந்துக்கு மடக்கு நாற்காலி, அக்டோபரில் மாவு சலிக்கும் சல்லடை, மழைக்காலத்தில் குடை. ஒவ்வொரு இல்லைக்கும் திட்டு ஒரு கொட்டை அகலம் பரவி, ஒரு தாள் கனம் சுவருக்குள் இறங்கியது. ஜனவரியில் காலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு காலண்டர் வந்தது. அந்த வருஷம் ஃப்ரேஹா வீட்டில் இரண்டு மார்ச் மாதங்கள் ஒன்றாகத் தொங்கின.

பாஸ்கா பண்டிகைக்கு முந்தின ஓய்வுநாளில், ஜெபாலயத்தில் யூத வேதமான தோராவிலிருந்து வீட்டுச் சுவருக்கு வரும் தோஷம் பற்றிய பகுதி வாசிக்கப்பட்டது. வருஷா வருஷம் வாசிப்பதுதான், வருஷா வருஷம் ஜனங்கள் தூங்குவதும்தான். அன்று ரப்பி ஹனீனா பிட்டோன், தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே விளக்கம் சொன்னார். பச்சையாகவோ சிவப்பாகவோ திட்டு விழும், சுவரைவிடப் பள்ளமாகத் தெரியும். ஏன் வருகிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரன் வந்து கோடாலி கொடு, சல்லடை கொடு என்று கேட்கும்போது வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்கிறவன் இருக்கிறான் பாருங்கள், அவன் வீட்டுக்கு வருகிறது. குருமார் வம்சத்தில் வந்த கோஹன் பார்க்க வருமுன் வீட்டைக் காலிசெய்து எல்லாச் சாமானையும் வெளியே வைக்க வேண்டும் என்பது சட்டம். அப்போது அவனிடம் என்னென்ன இருந்தது என்று தெருவே பார்த்துவிடும். மேலே பெண்கள் பகுதியில் லூனா, ஃப்ரேஹாவின் விலாவில் இடித்தாள்.

"ஏன்டி, உன் வீட்டுக் காலண்டர் ஏன் மாசா மாசம் எடம் மாறுது?"

"காத்து" என்றாள் ஃப்ரேஹா.

பாஸ்கா முடிந்த மறுநாள் அவள் ரப்பியின் வீட்டுக் கதவைத் தட்டி, "என் வீட்டுச் சுவத்துல ஏதோ ஒரு தோஷம் மாதிரி தெரியுது" என்றாள். ரப்பி பிட்டோன் கண்ணாடியைக் கழற்றினார். தோராவில் வீட்டுக்காரன் வந்து சொல்ல வேண்டிய வாக்கியம் அதுவேதான், 'மாதிரி' என்பது உட்பட. எவ்வளவு படித்தவனானாலும் தானாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வரக் கூடாது.

"ரெண்டாயிரம் வருஷமா இது யாருக்கும் வரலம்மா" என்றார். "பலி குடுத்த அந்தப் பழைய ஆலயம் நின்ன காலத்துலயே வந்ததா, வெறும் பாடத்துக்காகச் சொன்னதான்னு பெரியவங்களுக்குள்ள சண்டை இருக்கு. இப்ப இந்தச் சட்டமே நடப்புல இல்ல."

"அப்ப விட்டுரலாமா ரப்பி?"

"நான் விட்டுருவேன். திட்டு விடணுமே."

அவர் அலமாரியிலிருந்து தடித்தடியாக நான்கு புத்தகங்களை இறக்கி விளக்கினார். முதல் தடவை வீட்டுக்குப் பூட்டு. ஏழு நாளில் பரவியிருந்தால் கல்லைப் பெயர்த்து வேறு கல் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் திரும்பி வந்தால் வீட்டையே இடித்து, கல்லும் மரமும் மண்ணும் ஊருக்கு வெளியே போக வேண்டும். ஆனால் எத்தனை பெரிய ரப்பியானாலும் இதில் வாய் திறக்க அதிகாரம் கிடையாது. ஆரோன் வழியில் வந்த ஒரு கோஹன் தன் கண்ணால் பார்த்து, தன் வாயால் 'தீட்டு' என்று சொன்னால்தான் அது தீட்டு. சொல்லாதவரை வெறும் சுவர். மாதுளைத் தெருவில் கோஹன் வம்சம் ஒருவர்தான். ஃப்ரேஹா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மிமோன் அசுலாய்க்கு அந்த வம்சத்தால் அதுவரை பெரிய லாபம் எதுவும் வந்ததில்லை. ஜெபாலயத்தில் முன்னால் போய்க் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்வார், தோரா வாசிக்க முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். நஷ்டம் நிறைய. அவர் மனசுக்குப் பிடித்துப்போன பெண்கள் வாழ்க்கையில் மூன்று பேர், மூன்று பேருமே விவாகரத்து ஆனவர்கள், கோஹன் விவாகரத்தானவளைக் கட்டக் கூடாது. ஆகவே கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இப்போது ஒரு கால் வேறு நொண்டி. ரப்பி போய் விஷயத்தைச் சொன்னபோது, அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"கால் நொண்டியான கோஹன் பாக்கலாமா ரப்பி?"

"பலிபீடத்துக்குத்தான் ஆகாது. பாக்கறதுக்குக் கண்ணு போதும்."

"கண்ணு நல்லாருக்கு" என்றார் மிமோன்.

வீட்டைக் காலிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. மூன்று அறை வீட்டிலிருந்து ஒன்பது அறைச் சாமான் வந்தது. பிரஷர் குக்கர்கள் பதினொன்று, ஆவியில் வேகவைக்கும் கூஸ்கூஸ் பாத்திரங்கள் ஆறு, மடக்கு நாற்காலிகள் முப்பத்திரண்டு, குடைகள், சல்லடைகள், ஒரு பல் மருத்துவரின் நாற்காலி. இவை மாடிப்படியை நிரப்பி, வாசலைத் தாண்டி, தெருச் சரிவில் ஏரியைப் பார்த்து வரிசையாக இறங்கின. மிமோன் தன் வாசலில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். முதல் ஏணி இறங்கியது. இரண்டாவது அலுமினியம். மூன்றாவது மடக்கு ஏணி. ஏழாவது ஏணி இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அவர் முன்னால் போனபோது, "நிறுத்துப்பா, கொஞ்சம் இப்படிச் சாய்ச்சு வை" என்று சொல்லி, காலைத் தூக்கி அதன் கடைசிப் படியில் வைத்துக்கொண்டார்.

லூனா குக்கர்களுக்கு நடுவே நடந்து போனாள். "இதுதான் அந்த இல்லாத குக்கரா? பாக்கவே சந்தோஷமா இருக்கு. இல்லாததுலயே பெரிய சைஸ் வேற."

ஃப்ரேஹா ஒரு பழைய அட்டைப்பெட்டியை மடியில் வைத்தபடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். மிமோன் அதைக் கவனித்தார். பெட்டியின்மேல் பம்ப் ஸ்டவ் படம் போட்டிருந்தது.

பிறகு அவர் மாடியேறி, நண்பகலுக்குச் சற்று முன், வெளிச்சம் சரியாக இருக்கும்போது, சுவரைப் பார்த்தார். ஒரு சப்பாத்திக் கல் அளவுக்கு இருந்தது, வெள்ளரிப் பச்சை, உள்ளே அரை விரல் பள்ளம். தெருவே படிக்கட்டில் திரண்டு நின்றது. "ஏழு நாள் பூட்டு" என்றார். பூட்டினார்கள். ஃப்ரேஹா போக இடமில்லாமல் எதிர்வீட்டு லூனாவிடம் ஒரு படுக்கை கேட்டாள். "என்கிட்ட ஏது" என்று லூனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரொம்ப நாள் காத்திருந்த சொல்லைச் சொன்னாள், உடனே அவள் வரவேற்பறையில், டி.வி.க்கு மேலே, பட்டாணி அளவில் ஒரு பச்சை வந்தது. "இருக்கு இருக்கு, வாடி உள்ள" என்று அவளை இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். அந்தப் பச்சை, எலுமிச்சை போட்டுத் துடைத்ததும் போய்விட்டது. அந்த வாரத்தில் மாதுளைத் தெருவில் ஒருவரிடம் ஒருவர் எதைக் கேட்டாலும் கிடைத்தது. கேட்காதவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஏழாம் நாள் திட்டு பரவியிருந்தது. கல்லைப் பெயர்க்கும் கட்டம். ரஷ்யாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு கொத்தனார், அங்கே பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர், பதினான்கு கற்களைப் பெயர்த்து, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே அசுத்தமான இடம் எது என்று தோராவில் குறிப்பிடாததால் நகராட்சிக் குப்பைமேட்டில் கொட்டினார். அந்த இடத்துக்குக் காக்கைகள் பிறகு போகவில்லை. புதுக் கல், புதுப் பூச்சு. சாமான்கள் மேலே ஏறின, இந்தத் தடவை மூன்று அறைக்கு அடங்குகிற அளவுதான், ஏனென்றால் ஃப்ரேஹா கொடுக்க ஆரம்பித்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள், திருப்பித் தரும் தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்தாள், ஆனாலும் கொடுத்தாள். ஐந்து வாரம் சுவர் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக இருந்தது.

ஜூன் நடுவில் தெரு முழுக்க மின்சாரம் போயிற்று. இரண்டு நாள் வரவில்லை. மிமோன் மாடியேறி வந்து நின்றார். குரலில் விஷமம் இருந்ததா, காப்பிக்குத் தவித்தாரா என்பதைப் பற்றித் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

"உங்ககிட்ட ஒரு பம்ப் ஸ்டவ் இருக்கே. அந்த அட்டைப்பெட்டியில. ஒரு காப்பி போட்டுட்டுத் தந்துடறேன்."

ஒருவேளை சமைத்துவிட்டுத் தருகிறேன் என்று அப்போதும் ஒருத்தி சொன்னாள். "இல்லை" என்றாள் ஃப்ரேஹா. சுவரில் இருந்து பூச்சு உதிரும் சத்தம் கேட்டது. புதுக் கல்லின் நடுவில், ரொட்டித் தட்டு அளவுக்கு, நான்கு விரல் ஆழத்துக்கு, பச்சை திரும்பி வந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். மிமோன் உடனே கண்ணை மூடிக்கொண்டார், ஏனென்றால் முறைப்படி இன்னும் பார்க்க வரச்சொல்லவில்லை. கண்ணை மூடியபடியே படியிறங்கிப் போனார்.

இனி இடிப்பதுதான். வேறு கோஹனைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கலாம் என்று சிலர் சொன்னார்கள், முடியாது என்றார் ரப்பி. முதலில் பார்த்தவர் உயிரோடு இருக்கும்வரை அவர்தான் கடைசிவரை பார்க்க வேண்டும். அந்தச் சுவர் போனால் கட்டடம் நிற்காது, லூனாவின் சமையலறையும் சேர்ந்து போகும் என்று கொத்தனார் சொன்னார். ஃப்ரேஹாவுக்கு அந்த மூன்று அறையைத் தவிர இந்த உலகத்தில் கூரை கிடையாது. வியாழக்கிழமை பார்ப்பது என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை காலை ஏரிப்பக்கமிருந்து ஒரு மேகம் வந்து பதினான்காம் எண் கட்டடத்தின்மேல் மட்டும் நின்றது. ஜூன் மாதத்தில் திபேரியாவில் மேகம் என்பது கிடையாது. மேகம் போட்ட நாளில் கோஹன் தோஷம் பார்க்கக் கூடாது என்பதும் சட்டம். மேகம் பத்தொன்பது நாள் நின்றது. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் நிழலுக்காக இங்கே வந்து துணி காயப்போட்டு, காயாமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மேகம் நின்ற முதல் வாரத்தில் மிமோன், சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்குத் தடுமாறக் கூடாதே என்று, தன் வீட்டுப் பால்கனியில் நின்று 'தீட்டு' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தெருவில் பதினேழு வீட்டில் பால் திரிந்தது. அவர் வீட்டிலும்தான். காப்பியைப் பால் இல்லாமல் குடித்தபடி, கால் முறிந்த நாளிலிருந்து வாயில் அடக்கி வைத்திருந்த கோபம் இவ்வளவு கசக்கும் என்று யாரும் முன்பே சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டார். சொல்லாமல் விடவும் முடியாது. பார்த்துவிட்டு இல்லை என்று பொய் சொன்னால், அவர் வீட்டுச் சுவரும் கருங்கல்தான்.

ஃப்ரேஹா அந்த வாரம் முழுக்க ரப்பியின் வீட்டில் உட்கார்ந்து, யார் யார் தோஷம் பார்க்கக் கூடாது என்ற பட்டியலைக் கேட்டாள். ஒரு கண் தெரியாதவர் கூடாது. பார்வை மங்கியவர் கூடாது. ஏழாம் நாள், ரப்பி சலித்துப்போய் அடுத்த வரியைப் படித்தார். தன் சொந்த வீட்டுத் தோஷத்தை எந்தக் கோஹனும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புது மாப்பிள்ளையின் வீடானால் விருந்து முடியும்வரை ஏழு நாள் யாருமே பார்க்கக் கூடாது.

"அந்த வரிய இன்னொரு தடவ படிங்க ரப்பி."

அவர் படித்தார். "ஃப்ரேஹா, நீ என்ன நெனைக்கறே?"

"நான் விதவைதானே. விவாகரத்து ஆனவ இல்லையே."

அவள் கட்டடத்துக்குத் திரும்பி வந்து மிமோனின் கதவைத் தட்டினாள். லூனா மாடிப்படி வளைவில், துடைப்பத்தோடு, பெருக்காமல் நின்றிருந்ததால் இந்தப் பேச்சு முழுதாகக் கிடைத்திருக்கிறது.

"ஸ்டவ் கேட்டீங்களே" என்றாள் ஃப்ரேஹா.

"கேட்டேன்."

"தர மாட்டேன். என்னால முடியல. கைய நீட்டினா கை வர மாட்டேங்குது. ஆனா ஸ்டவ் இருக்கற எடத்துக்கு நீங்க வரலாம்."

மிமோன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு நேரத்துக்கு?"

"இருக்கற வரைக்கும்."

"இது வீட்டுக்காகச் சொல்றியா?"

"வீட்டுக்காகத்தான். இல்லேன்னா உங்க மூஞ்சிக்காகவா? ஆனா காப்பி நல்லாப் போடுவேன்."

"அந்தப் பிளாஸ்டிக் பிரிக்காத ஏணி?"

"நீங்களே பிரிச்சுக்கோங்க."

"என் கால ஒடச்ச பொம்பளைய நான் கட்டணுமா?"

"கால ஒடச்சது பீப்பா" என்றாள் ஃப்ரேஹா. பிறகு தரையைப் பார்த்து, "ஏணிய நான் தந்திருக்கணும்" என்றாள்.

அந்த நிமிஷத்தில் மேலே சுவரில் எதுவும் மாறவில்லை என்று பிற்பாடு பார்த்துச் சொன்னார்கள். மிமோன் மட்டும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து, "விதவைதானே? காகிதம் இருக்குல்ல? மூணு தடவ சூடுபட்டவன் நான்" என்று கேட்டார்.

மேகத்தின் கீழேயே, செவ்வாய்க்கிழமை, கட்டட வாசலில் பந்தல் விரித்துக் கல்யாணம் நடந்தது. முப்பத்திரண்டு மடக்கு நாற்காலியும் நிரம்பிவிட்டன. மாப்பிள்ளை மிதித்து உடைக்க வேண்டிய தம்ளரை உடைத்தது நல்ல கால். சட்டத்தில் ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது என்று ஃப்ரேஹா அன்று காலையே நோட்டரியிடம் போய்ப் பாதி வீட்டை அவர் பேரில் எழுதியிருந்தாள். கை வந்தது, ஆனால் கையெழுத்து மட்டும் ஒரு மணி நேரம் எடுத்தது. எந்தப் பாதி என்று நோட்டரி கேட்டதற்கு, "திட்டு இருக்கற பாதி" என்றாள். விருந்து ஏழு நாள். எட்டாம் நாள் மேகம் கலைந்து வெயில் அடித்தது, அப்போது சுவர் மிமோனின் சொந்தச் சுவராகியிருந்தது. கோஹன் பார்த்துச் சொல்லாத தோஷம் தோஷமே அல்ல என்று ரப்பி பிட்டோன் எழுதிக் கையெழுத்திட்டு, ஜெபாலய அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். இது சட்டத்தை ஏமாற்றுவது இல்லையா என்று ஒருவர் கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பாதி வீட்டைக் கொடுத்த ஒருத்தியைப் பார்த்துச் சட்டம் வேறென்ன எதிர்பார்க்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

முதல் ஒரு வருஷம் மிமோன் எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்து, இரண்டு தடவை மேஜையில் இடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டார். திட்டு அதற்குள் ஒரு வாசல் அளவுக்குப் பரவி, அகலத்தில் அங்கேயே நின்றுவிட்டது. ஆழத்தில் மட்டும், ஃப்ரேஹா எப்போதாவது வாய்தவறி இல்லை என்று சொல்லும்போது, ஒரு விரற்கடை உள்ளே போகும். பழக்கம் லேசில் போகாது. பத்து வருஷத்தில் ஓர் ஆள் நிற்கலாம் என்றாகி, இருபதில் இரண்டு நாற்காலியும் ஒரு குட்டி மேஜையும் போட இடம் வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் லூனாவின் படுக்கையறை. அவள் வருஷாவருஷம் டேப் வைத்து அளந்து பார்க்கிறாள், அவள் அறையில் ஓர் அங்குலம் குறையவில்லை. இந்தப் பச்சை அறை வேறெங்கிருந்தோ இடம் எடுத்துக்கொள்கிறது.

மிமோனுக்கு இப்போது எண்பத்தேழு நடக்கிறது. அவர் காலமானால் அந்தச் சுவரை வேறொரு கோஹன் பார்க்கலாம் என்பதால், மாதுளைத் தெருவில் அவர் உடம்பைப் பற்றிய அக்கறை அதிகம். ரத்த அழுத்த மாத்திரை போட்டாரா என்று ஐந்து வீட்டிலிருந்து போன் வரும். உப்பு குறைவான ஊறுகாயை லூனா தனியாகப் போட்டுத் தருகிறாள். "என்னய மாதிரி தெருவே பொன்னா பாத்துக்கற மனுஷன் இந்த ஊர்லயே கெடையாது" என்று அவர் சொல்வார். "உன்னயா பாத்துக்கறோம், எங்க சமையக்கட்டப் பாத்துக்கறோம்" என்பாள் லூனா.

போன வருஷம் நகராட்சியிலிருந்து கட்டட வரைபடத்தைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். இளைஞர், லேசரில் அளக்கிற கருவி வைத்திருந்தார். அளந்தார், வரைபடத்தைப் பார்த்தார், வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்ப வந்து மறுபடி அளந்தார். பச்சை அறைக்குள் மிமோனும் ஃப்ரேஹாவும் எதிரெதிரே உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். இது எந்தக் கணக்கில் வரும் என்று அவர் கேட்டார். படிவத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஃப்ரேஹா கேட்டாள். அறை, சேமிப்பறை, பால்கனி, மற்றவை என்று அவர் வாசித்தார். மிமோன், வாய் திறக்கக் கூடாத விஷயம் என்பதால், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அதிகாரி சற்று யோசித்து, 'பால்கனி, உள்பக்கமாக' என்று எழுதி, ஃப்ரேஹாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கீழ்வீட்டை அளக்கப் போனார்.